சிலுவைக்கு அப்புறம் ஐந்தாவது துண்டு

காய்ந்து மஞ்சளாகிச் சாய்ந்து கிடந்த பட்டாணிக் கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள் ருக்சாந்தா. அவள் கையிலிருந்த போன், நீ உன் நிலத்தில் இல்லை என்றது.

அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே சிவப்பு வட்டம், அதே வாசகம்: 'படம் எடுக்க உங்கள் நிலத்துக்குள் வரவும்.' காலடியில் அவளே விதைத்த பட்டாணி. வெயில் ஏற ஏற நெற்றுகள் பட்பட்டென்று தாமாக வெடித்துக்கொண்டிருந்தன. சாலையில் அறுவடை இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அதன் மேலிருந்து மித்ருட் குரல் கொடுத்தான்.

"அக்கா, எறங்கவா? இல்ல இப்படியே டீசல குடிச்சிக்கிட்டு நிக்கவா?"

"கொஞ்சம் இருப்பா. ஒரு போட்டோ எடுக்கணும்."

"பட்டாணிக்குப் போட்டோவா? ஏன், மாப்பிள்ள பாக்கறாங்களா அதுக்கு?"

மானிய அலுவலகத்திலிருந்து முந்தைய நாள்தான் செய்தி வந்திருந்தது. வசந்தகாலத்தில் ஒவ்வொருவரும் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், கணினியில் தெரியும் வான்படத்தில் தங்கள் நிலத்தைச் சுற்றிக் கோடு போட்டு, இன்ன பயிர் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அதற்கப்புறம் செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். சொன்னதும் தெரிவதும் ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ருக்சாந்தாவுக்குச் சிவப்பு. பட்டாணி என்று சொல்லியிருக்கிறீர்கள், மக்காச்சோளம் தெரிகிறது, நிலத்துக்குள் நின்று படம் எடுத்து அனுப்புங்கள், எந்தத் திருத்தமானாலும் வெள்ளிக்கிழமை அலுவலகம் மூடுவதற்குள், என்று எழுதியிருந்தது. அவள் சிரித்துக்கொண்டாள். செயற்கைக்கோளுக்கும் கண்ணாடி போடும் வயது வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் வியாழக்கிழமை, இயந்திரம் இறங்குவதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்பினால் தீர்ந்தது.

இப்போது சிரிப்பு வரவில்லை.

போனைத் தட்டு ஏந்துவதுபோல் முன்னால் பிடித்துக்கொண்டு ஊர்ப் பக்கமாக நடந்தாள். வட்டம் சிவப்பாகவே இருந்தது. வரப்பைத் தாண்டித் தபால்காரரின் மக்காச்சோளத்துக்குள் நுழைந்தாள். இலைகள் முகத்தில் கீறின. நாலு அடி வைத்திருப்பாள். வட்டம் பச்சையானது. 'நீங்கள் உங்கள் நிலத்தில் இருக்கிறீர்கள்' என்றது போன்.

அவள் தலைக்கு மேல் அடுத்தவரின் மக்காச்சோளம் அசைந்துகொண்டிருந்தது.

நெஞ்சு படபடத்தது. பயம்தான் அது. ஆனாலும் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் துள்ளியது. அதை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள், வெட்கப்படவும் செய்தாள். இந்த வருஷம் முழுக்க அது அவளுக்குள் இப்படித்தான் துள்ளிக்கொண்டிருந்தது. விதைக்கிற அன்று, முதல் வெள்ளைப் பூவைப் பார்த்த அன்று, ஊரில் எல்லாரும் மக்காச்சோளமே போடும்போது இவளுக்கு மட்டும் என்ன வந்தது என்று கடைவாசலில் யாரோ பேசியது காதில் விழுந்த அன்று. நாற்பத்து நாலு வயதில் ஒரு பெண் இத்தனை சந்தோஷத்தை வெளியே காட்டினால் யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவளுக்கு ஏனோ தோன்றிக்கொண்டே இருந்தது.

பிடுங்குவதற்கு ஆளும் இருந்தது. கணவன் நெகுலாய் ஸ்பெயினில் ஒரு பழக்கிடங்கில் வேலை செய்தான். ஈஸ்டருக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில் ரொட்டியைப் பிய்த்தபடி சொல்லிவிட்டுப் போனான்.

"இந்த ஒரு வருஷம் பாப்போம். உன் பேர்ல ஹெக்டேர் மானியப் பணம் ஒழுங்கா வந்துச்சுன்னா நெலத்த நீயே பாத்துக்க. வரலன்னா தோதெராஷுக்குக் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்டுருவேன். ஏழு வருஷம், நமக்கும் நிம்மதி."

தோதெராஷ் பாதி மலையை ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்திருந்த பெரும்புள்ளி. நெகுலாய் கெட்டவனில்லை. அத்தனை தூரத்திலிருந்து ஒரு மலைச்சரிவை நினைத்துக் கவலைப்பட்டுக் களைத்துப்போனவன், அவ்வளவுதான். அது அவளுக்குத் தெரியும். அதனாலேயே அவனிடம் சண்டை போட முடியவில்லை. ஆனால் ஊராட்சி அலுவலகத்தில் விண்ணப்பத்தின் தலையில் 'விவசாயி: ருக்சாந்தா ஹ்ரேனியுக்' என்று அச்சானதைப் பார்த்த கணத்தை அவனிடம் சொல்லவும் முடியவில்லை. அதுவரை எந்தக் காகிதத்திலும் அவள் மகள், மனைவி, அல்லது குடும்ப உறுப்பினர். எலியைப் பிடிப்பதுபோலக் கணினியின் மவுஸை இறுக்கிப் பிடித்து அவளே கோடு போட்டாள். கை வியர்த்தது. அந்தக் கோட்டை அவள் மாதக்கணக்காகக் கண்ணை மூடி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடு தபால்காரரின் மக்காச்சோளத்தைச் சுற்றியா போடப்பட்டிருக்கிறது?

மக்காச்சோளத்திலிருந்து வெளியே வந்தபோது வரப்பில் சவேத்தா நின்றாள். பட்டாணிக்கு மறுபக்கம் அடுத்த நிலத்துண்டு அவளுடையது. தோளில் மண்வெட்டி, தலையில் துணி, வாயில் சூரியகாந்தி விதை.

"தபால்காரன் சோளத்துல உனக்கென்னடி வேல? அந்தாளு பொண்டாட்டி பாத்தா ஊர் ரெண்டாயிரும்."

"அக்கா, உங்களுக்கு மானிய ஆபீஸ்ல இருந்து ஏதும் வந்துச்சா?"

"எனக்கு எங்க வருது. எல்லாம் ஜெர்மனில என் மவன் போனுக்குத்தான் போகும். நேத்து அவன் ஏதோ சொன்னான். அம்மா, உன் நெலத்துல பட்டாணி தெரியுதாம், செவப்பு விழுந்துருக்குன்னான். குடிச்சிட்டு ஒளறாதன்னு வெச்சுட்டேன்."

"பட்டாணியா?"

"ஆமா." சவேத்தாவின் கண்கள் மெல்லச் சுருங்கின. விதைத் தோலைத் துப்பினாள். "ஏடீ ருக்சாந்தா, என் துண்ட நீ எழுதி வாங்கிட்டியா?"

"இல்லக்கா. ஒங்க கோடுதான் என் பட்டாணி மேல விழுந்துருக்கு. என் கோடு தபால்காரர் மேல விழுந்துருக்கு."

"நான் கோடே போடல. ஊராட்சி கிளார்க்குதான் போட்டான். ரோட்டோரச் சிலுவைக்கு அப்புறம் ஆறாவதுன்னு சொன்னேன், எண்ணிப் போட்டான்."

"நானும் அப்படித்தான் சொன்னேன். அஞ்சாவதுன்னு. அவன் எண்ணிக் காட்டினதச் சுத்தித்தான் கோடு போட்டேன்."

"அப்புறம் எப்படிடி?"

சவேத்தா அவளை நம்பாத பார்வை ஒன்று பார்த்துவிட்டு, இதுக்குத்தான் எல்லாரும் போடறதையே போடணும்கறது என்று சொல்லிக்கொண்டே தன் மக்காச்சோளத்துக்குள் போனாள். சாலையில் மித்ருட் இயந்திரத்தை அணைத்தான்.

"அக்கா, நான் கெளம்பறேன். நாளைக்கு சாயந்தரம் இந்த வழியாத்தான் திரும்புவேன். அதோட அடுத்த மாவட்டம் போயிடுவேன். அதுக்குள்ள உன் போட்டோ, மேக்கப் எல்லாம் முடிச்சு வையி. பட்டாணி உனக்காகக் காத்திருக்காது, இப்பவே வெடிக்குது."

அவன் போனபின் மலை அமைதியானது. நெற்றுகள் மட்டும் வெடித்தன. சாலையோரத்தில் உட்கார்ந்து அவள் துண்டுகளை எண்ணினாள். ஊரிலிருந்து வரும்போது முதலில் தேவாலயத்தின் துண்டு, அதற்கு எண்ணே இல்லை. அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று, தபால்காரர் நாலு, அவள் ஐந்து, சவேத்தா ஆறு, கடைசியில் சவேத்தாவின் அண்ணன் ஹரலம்ப் ஏழு. அதற்கப்பால் ஓடைப் பள்ளம், காடு. எல்லாமே ஒரே அகலம். எத்தனை முறை எண்ணினாலும் அவள் ஐந்தாவதாகத்தான் இருந்தாள்.

அப்போது ஹரலம்பின் குதிரைவண்டி ஊர்ப் பக்கமிருந்து வந்தது. சாலையோரச் சிலுவை வெயிலில் மின்னியது, ஊராட்சி போன வருஷம்தான் அதற்குப் புது நீல வண்ணம் அடித்திருந்தது. ஹரலம்ப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி தேவாலயத் துண்டைக் கடந்தது. அது முடிகிற இடத்தில், களையைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்த இடத்தில், அவர் தொப்பியைக் கழற்றி, நெற்றி, வயிறு, வலத்தோள், இடத்தோள் என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அவளும் அப்படித்தான். பல வருஷங்களுக்கு முன்பு, பேருந்து நிறுத்தம் கட்டியபோது, சிலுவையும் அதன் பக்கத்தில் இருக்கட்டும் என்று பிடுங்கி ஊர்ப் பக்கமாகத் தள்ளி நட்டார்கள். ஆனால் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தது பழைய இடத்தில்தான். ஊருக்குச் சிலுவை இன்னும் அங்கேதான் நின்றது. அங்கே எதுவும் இல்லை என்று கைகளுக்குத் தெரியாது.

ருக்சாந்தா எழுந்துவிட்டாள். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்ட மறந்து நின்றாள்.

மண்ணில் எண்ணும்போது எல்லாரும் இல்லாத சிலுவையிலிருந்து எண்ணினார்கள். திரையில் எண்ணும்போது கிளார்க் இருக்கிற சிலுவையிலிருந்து எண்ணினான். இரண்டுக்கும் நடுவே தேவாலயத்தின் துண்டு. அதற்கு யாரும் மானியம் கேட்டதில்லை, அதனால் யாரும் கவனித்ததில்லை. எல்லாருடைய கோடும் ஊர்ப் பக்கமாக ஒரு துண்டு கீழே சரிந்து கிடந்தது. இத்தனை வருஷமும் மலை முழுக்க மக்காச்சோளம். யார் கோடு யார் மேல் விழுந்தால் என்ன, மேலிருந்து பார்க்க எல்லாம் ஒரே பச்சை. இவள் பட்டாணி போட்டதால்தான் வானத்துக்குத் தெரிந்தது.

அவளுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும், வேண்டாம், இப்போது வேண்டாம். இதை முதலில் நெகுலாயிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். உங்கப்பா, நீங்க, ஊர் மொத்தமும் பாக்காதத நான் பாத்தேன் என்று. பிடித்த பண்டத்தைக் கடைசி வாய்க்கு ஒதுக்கி வைப்பதுபோல அதை ஒதுக்கி வைத்துக்கொண்டு மதியப் பேருந்தைப் பிடித்தாள்.

நகரத்து மானிய அலுவலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் ஒதிலியா என்ற பெண் இருந்தாள். மேசையில் பாதி கடித்த பீச் பழம். ருக்சாந்தா சொல்லச் சொல்ல அவள் திரையில் மலையைப் பெரிதாக்கினாள். புருவம் உயர்ந்தது.

"அட, ஆமா மேடம். மொத்தமா சறுக்கியிருக்கு."

"என் கோட்ட மட்டும் மேல தள்ளிடுங்க."

"முடியாதே. உங்க இடத்துல ஏற்கெனவே ஆறாவது ஆளோட கோடு இருக்கு. ஒரே மண்ணுல ரெண்டு பேர்னா சிஸ்டம் ரெண்டு பேரையும் நிறுத்தி வெச்சிரும். ஆறாவது ஆள் மொதல்ல மேல போகணும். அவங்க போகணும்னா அதுக்கும் மேல இருக்கற ஆள் காலி பண்ணணும். கடைசி ஆள்லருந்து ஆரம்பிச்சு வரிசையா வாங்க. கீழ இருக்கறவங்க அப்புறம் ஒவ்வொருத்தரா ஏறிக்கலாம். ஆனா எல்லாம் நாளைக்குள்ள."

"கடைசி ஆள் ஹரலம்ப் அண்ணன்."

ஒதிலியா திரையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அடுத்தவர் விவரம் என்பதால் நிறுத்திக்கொண்டது தெரிந்தது. ஆனால் திரை ருக்சாந்தாவுக்கும் தெரிகிற பக்கமாகத் திரும்பியிருந்தது. கடைசியில் ஹரலம்ப் பேரில், ஒரே நிறத்தில் இரண்டு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஏழாவதும் எட்டாவதும்.

ஹரலம்ப் உழுவது ஒரே துண்டு. மலையில் ஏழுக்கு மேல் துண்டே இல்லை.

"அவர்தான் மேடம் மொதல்ல வரணும்," என்றாள் ஒதிலியா, பீச் பழத்தைப் பார்த்தபடி. "அவரே வந்து சரி பண்ணிட்டா இந்த வருஷத்துக்கு அபராதம் கிடையாது. நாங்க கண்டுபுடிச்சா வேற கதை."

அன்று சாயங்காலம் ஊரைத் திரட்டும் வேலையைச் சவேத்தா எடுத்துக்கொண்டாள். படம் ஒரு துண்டு சறுக்கியிருக்கிறது, எல்லாரும் அடையாள அட்டையோடு காலையில் வர வேண்டும் என்று மட்டும்தான் ருக்சாந்தா அவளிடம் சொன்னாள். ஏன் சறுக்கியது என்பதை விழுங்கிக்கொண்டாள். சவேத்தா வேலிக்கு வேலி நின்று கத்தினாள். தன் பணமும் சிவப்பில் மாட்டிக்கொண்டது என்று மகன் விளக்கமாகச் சொன்னபின் அவள் குரல் இன்னும் ஏறியிருந்தது. அண்ணன் வேலியில் மட்டும் அவள் நிற்கவில்லை. அம்மா செத்தபோது ஒரு வாதுமை மரத்தைப் பங்கு பிரித்ததில் தொடங்கிய மௌனம் அது, மரம் பட்டுப்போன பிறகும் பட்டுப்போகாமல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தேவாலய வாசலில் வேன் நின்றது. எல்லாரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, திருவிழாவுக்குப் போவதுபோல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ தொத்திறைச்சியும் பிளம் சாராயமும் கொண்டுவந்திருந்தார்கள். ஹரலம்ப் மட்டும் இல்லை.

"வர மாட்டான்," என்றாள் சவேத்தா. "நான் ஏறியிருக்கற வண்டில சொர்க்கத்துக்குப் போறதுன்னாலும் வர மாட்டான்."

ருக்சாந்தா இறங்கி நடந்தாள், அப்புறம் ஓடினாள்.

ஹரலம்ப் வீட்டுக்குப் பின்னால் தேன்பெட்டிகளுக்கு நடுவே வலை முகமூடி போட்டுக்கொண்டு, கையில் தேனீக்களை அடக்கும் புகைக் கலத்தோடு நின்றார். முகம் தெரியவில்லை.

"வேன் நிக்குதுண்ணே."

"நிக்கட்டும். தேனீ இன்னைக்கு கோவமா இருக்கு."

"உங்க தங்கச்சியவிடவா?"

வலை கொஞ்சம் அசைந்தது. சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. "நான் எதுக்கு வரணும்? எனக்குப் பச்சையாத்தான் இருக்கு. பட்டாணி நீ போட்ட, நீயே கட்டிக்கிட்டு அழு."

"நீங்க நகராம எங்க யாராலயும் நகர முடியாது."

"அது என் தப்பா?"

அப்போது அந்த வார்த்தை அவள் நாக்கின் நுனியில் வந்து நின்றது. ரெண்டு துண்டு. அதைச் சொன்னால் போதும், இந்த மனிதர் நடுங்கிக்கொண்டு வேனில் ஏறுவார். அதைச் சொல்வதில் தனக்கு ஒரு ருசி இருக்கப்போகிறது என்பதையும் அவள் அறிந்தாள். நேற்றெல்லாம் தன்னைத் தூக்கிக்கொண்டு பறந்த அதே துள்ளல்தான். ஆனால் இப்போது அதற்குப் பல் முளைத்திருந்தது. அது அவளைக் கொஞ்சம் திடுக்கிட வைத்தது.

"அண்ணே," என்றாள், மெதுவாக. "படத்துல நானும் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல. சொல்லப்போறதும் இல்ல. நீங்க வந்தாலும் வராட்டியும்."

புகைக் கலம் நின்றது. அதைப் பெட்டியின் மேல் வைத்தார்.

"அது யாரோடதும் இல்ல," என்றார். "படத்துல கடைசில ஒரு துண்டு சும்மா கெடந்துச்சு. இது யாருதுன்னு கிளார்க்கு கேட்டான். என்னோடதுதான்னு வாய் சொல்லிருச்சு. அப்புறம் மலையில போய்த் தேடினேன் பொண்ணே. நடந்து நடந்து எண்ணினேன். மண்ணுல அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. இல்லாத நெலத்துக்குப் பணம் வாங்கினா யாருக்கு நஷ்டம்? பணம் குடுக்கற பிரஸ்ஸல்ஸ்காரன்கிட்ட ஒண்ணு அதிகமா இருந்துச்சு, நான் எடுத்துக்கிட்டேன்."

"தூக்கம் வந்துச்சா?"

"போன் கிணுங்கினா எந்திரிச்சு உக்காந்துருவேன். பேத்தி பாட்டு அனுப்புவா, அதுக்கும் உக்காந்துருவேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் ஒரே சரிவில், வெடிக்கக் காத்திருக்கும் ஒன்றை மடியில் மறைத்துக்கொண்டு, இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவள் மறைத்தது சந்தோஷம், அவர் மறைத்தது பயம். நடந்த விதம் ஒன்றுதான்.

"அண்ணே, அந்த எட்டாவது துண்டு மண்ணுல இருக்கு. நீங்க உழுறதே அதுதான். பள்ளத்த ஒட்டி இருக்கற உங்க சொந்தத் துண்டு. எல்லாக் கோடும் ஒண்ணு கீழ சரிஞ்சதால அது மட்டும் காலியாத் தெரிஞ்சிருக்கு. நீங்க திருடினது உங்க நெலத்தத்தான்."

ஹரலம்ப் வலையைத் தூக்கினார். வியர்த்த சிவந்த முகம். வாய் திறந்திருந்தது.

"என் நெலத்தயா?"

"உங்க நெலத்த."

"அப்போ அந்த ஏழாவது? என்னோடதுன்னு நெனச்சிட்டு இருந்தேனே?"

"அது சவேத்தா அக்காவோடது."

காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள்கள் குலுங்கின. பிறகு சத்தம் வந்தது. சிரிப்புதான். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சட்டென்று நிறுத்தினார்.

"அவளுக்குத் தெரிஞ்சா என் கல்லறையில வந்து உக்காந்து திட்டுவா."

"உள்ள ஒவ்வொருத்தராத்தான் கூப்பிடுவாங்க. யாருக்கும் தெரியாது."

"நான் ஏன் மொதல்ல போறேன்னு கேப்பாங்களே. எனக்குத்தான் செவப்பு இல்லையே. எல்லாத்துக்கும் மூக்க நீட்டுவானுங்க."

ருக்சாந்தாவுக்கு, நெகுலாயிடம் சொல்வதற்காக ஒதுக்கி வைத்திருந்த கடைசி வாய் நினைவுக்கு வந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"கண்டுபுடிச்சதே நீங்கதான்னு சொல்லுவோம். பொய்யும் இல்ல. சிலுவை இல்லாத எடத்துல நேத்து நீங்க தொப்பியக் கழட்டினதப் பாத்துத்தான் எனக்கே புரிஞ்சுது. கண்டுபுடிச்சவர் மொதல்ல போறது நியாயம்தானே?"

அவளையே பார்த்தார். "பழைய வருஷங்களுக்குத் திருப்பிக் கேப்பானுங்களா?"

"கேப்பாங்கன்னுதான் நெனக்கிறேன். அதுல என்னால ஒண்ணும் செய்ய முடியாதுண்ணே."

ஹரலம்ப் தேன்பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "தேன் இருக்கு," என்றார், தனக்குத்தானே. "கொஞ்சம் கொஞ்சமா கட்டலாம்." புகைக் கலத்தை அணைத்துவிட்டு, நல்ல தொப்பியை எடுக்க உள்ளே போனார்.

வேனில் அவர் சொன்ன கதை முதல் திருப்பத்தில் சின்னதாக இருந்தது. நகரம் வருவதற்குள் அவர் மூன்று வருஷமாகச் சந்தேகப்பட்டவராகவும், வானத்தைப் பார்த்தே சரிவைக் கணித்தவராகவும் ஆகியிருந்தார். இல்லாத சிலுவையை அவர் விவரித்தபோது வேனில் சத்தம் அடங்கியது, அவரவர் தங்கள் வலது கையைப் பார்த்துக்கொண்டார்கள். சவேத்தா ஜன்னல் பக்கம் திரும்பியே சொன்னாள்.

"ஒருவழியா அந்த மண்டைக்குள்ளயும் வெளக்கு எரிஞ்சிருக்கு."

"பக்கத்துல யாரும் கத்தாம இருந்தா எரியும்," என்றார் ஹரலம்ப்.

வேன் மூச்சைப் பிடித்தது. பல வருஷங்களில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் அவை. சவேத்தா சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பின்னால் நீட்டினாள். அவர் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டார்.

அலுவலகத்தில் ஒதிலியா அன்று மதியச் சாப்பாட்டுக்கு எழவில்லை. ஹரலம்ப் முதலில் உள்ளே போய் நெடுநேரம் கழித்து வெளியே வந்தார், முகம் வெளுத்திருந்தது, ஆனால் நிமிர்ந்திருந்தார். பிறகு சவேத்தா. பிறகு அவள். ருக்சாந்தாவின் கோட்டை ஒதிலியா பிடித்து மேலே நகர்த்தப் போனாள்.

"நான் போடட்டுமா?"

ஒதிலியா மவுஸை அவள் பக்கம் தள்ளினாள். இந்த முறை கை வியர்க்கவில்லை.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் வேன் நிற்பதற்குள் ருக்சாந்தா குதித்து இறங்கினாள். காட்டுக்கு மேல் கருமேகம் கட்டியிருந்தது. மித்ருட்டின் இயந்திரம் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது, அவன் நிழலில் படுத்துக் கிடந்தான். நல்ல செருப்போடு பட்டாணிக்குள் நடந்தாள். நெற்றுகள் கால்பட்டு வெடித்தன. துண்டின் நடுவில் நின்று போனை உயர்த்தினாள்.

வட்டம் சுற்றியது. சிவப்பாகவே இருந்தது. மேகம், என்று நினைத்தாள், சிக்னல், என்று நினைத்தாள், நெகுலாய், தோதெராஷ், ஏழு வருஷம். அதற்குள் பச்சையானது.

'நீங்கள் உங்கள் நிலத்தில் இருக்கிறீர்கள்.'

படம் எடுத்தாள். இன்னொன்று எடுத்தாள். வேண்டாத மூன்றாவதும் எடுத்தாள். அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது கையிலேயே போன் அடித்தது. நெகுலாய்.

"என்ன ஆச்சு? சவேத்தா அக்கா பையன் சொன்னான், ஹரலம்ப் அண்ணன்தான் கண்டுபுடிச்சாராமே. நல்லவேள, அவரு இருந்தாரு."

அது குத்தும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். குத்தியது. ஆனால் வலிக்கிற இடத்தில் தேடிப் பார்த்தபோது அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. காலடியில் நிலம் அப்படியே இருந்தது.

"ஆமா. நல்லவேள."

"படம் அனுப்பிட்டியா? பச்சையா?"

"பச்ச."

"பச்சைன்னா பணம் வந்துரும், இல்ல?"

"வந்துரும்."

அந்தப் பக்கம் கிடங்கின் சத்தம் கேட்டது, யாரோ ஸ்பானிய மொழியில் எதையோ கேட்டார்கள். நெகுலாய் பெருமூச்சு விட்டான். அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

"சரி. தோதெராஷுக்கு போன் பண்ணி, குத்தகை வேண்டாம்னு சொல்லிடறேன்."

"வேணாம்," என்றாள் ருக்சாந்தா. "அவர் நம்பர் என்கிட்டயே இருக்கு. நானே சொல்லிக்கிறேன்."

சாலையில் மித்ருட் எழுந்து உட்கார்ந்து மேகத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அக்கா, மாப்பிள்ள வீட்ல புடிச்சுப்போச்சா? எறங்கவா?"

"எறங்குப்பா," என்று கத்தினாள். "சீக்கிரம் எறங்கு."